மன அழுத்த மாத்திரையைத் திரவமாக்கிக் குறைப்பது: பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு

டாக்டர் "இனிக் குறைக்கலாம்" என்று சொல்லிவிட்டார். 10 மில்லிகிராம் மாத்திரை பாதியாகி 5 ஆனபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அந்த 5-ஐ நிறுத்திய சில நாளில்தான் ஆரம்பிக்கிறது: தலைசுற்றல், கண்ணைச் சட்டென்று திருப்பினால் தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி ஒரு வெட்டு, விசித்திரமான கனவுகள், ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை. அல்சூரில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு இந்த நிலையில் வருகிறவர்கள் உண்டு. "குட்டி மாத்திரைதானேண்ணே, இதைப் போய் விட முடியலையே" என்று கூச்சப்பட்டுக்கொண்டே இன்னொரு அட்டை வாங்கிப் போவார்கள்.

கூச்சப்பட ஒன்றுமில்லை. மருந்தை விடுவதில் பெரிய இறக்கமே அந்தக் கடைசி 5-இல்தான் இருக்கிறது. இந்த வகை மாத்திரைகள் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தைப் பிடித்து வைக்கின்றன. எத்தனை மி.கி. சாப்பிட்டால் எத்தனை சதவீதம் பிடிபடுகிறது என்று ஸ்கேன் எடுத்து அளந்திருக்கிறார்கள். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் 2019-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் அந்தக் கணக்கைத் தொகுத்துக் கொடுத்தார்கள். சிட்டலோப்ராம் என்ற மாத்திரையை 20 மி.கி. சாப்பிட்டால் சுமார் 80 சதவீதம் பிடிபடுகிறது. 9 மி.கி.க்குக் குறைத்தாலும் 70 இருக்கிறது. 2.3 மி.கி.க்கு வந்த பிறகும் 40 சதவீதம் பாக்கி. அதாவது, 20-லிருந்து 2.3 வரை வரும்போது மூளை சந்திக்கும் இறக்கமும், 2.3-லிருந்து பூஜ்யத்துக்கு வரும்போது சந்திக்கும் இறக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். நம் ஊரில் பரவலாக எழுதப்படும் எஸ்ஸிட்டலோப்ராம் இதன் நெருங்கிய உறவு. அதற்கும், செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்றவற்றுக்கும் வரைபடம் போட்டால் கோடு இதே மாதிரிதான் வளைகிறது.

மேலே வேகமாக இறங்கலாம், கீழே வர வர மெதுவாக இறங்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். கீழே 3, 2, 1, அரை மி.கி. என்று மாத்திரை கிடையாது. பிளேடால் கால் பாகம் வெட்டலாம், அதற்கு மேல் தூள்தான். அங்கேதான் திரவம் கைகொடுக்கிறது.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. சில மாதங்கள் மட்டும் சாப்பிட்டவர்கள் பலர், மாத்திரையைப் பாதி, கால் என்று குறைத்தே சில வாரங்களில் நிம்மதியாக விட்டுவிடுகிறார்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள், முன்பு விட முயன்று தடுமாறியவர்கள், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் மாதிரி உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்தில் இருப்பவர்கள், இவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை.

டாக்டரிடம் என்ன கேட்பது

இதை யாரும் தனியாகச் செய்யக் கூடாது. சட்டப் பயம் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. குறைக்கும் நேரம் சரியா என்பதை எழுதிக் கொடுத்தவரால்தான் சொல்ல முடியும். முதல் தடவை மன அழுத்தம் வந்தவர்கள், நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடர வேண்டும் என்பது பொது வழக்கம். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இன்னும் நீளும். வலிப்பு நோய், இருதுருவ மனநிலைக் கோளாறு, கர்ப்பம், சமீபத்தில் தற்கொலை எண்ணம் இருந்தது, இதில் ஏதாவது உண்டு என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை மாற்றம், வீடு மாற்றம், கல்யாணம் என்று தலைக்கு மேல் இருக்கும் மாதத்திலும் தொடங்காதீர்கள்.

தனியார் கிளினிக்கில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மனசைச் சொல்ல வராதவர்கள் ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகலாம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வரும் இடம் அது. தமிழ் தெரிந்தவர்கள் அங்கே கிடைப்பார்கள். புறநோயாளிப் பிரிவில் காத்திருக்க வேண்டியிருக்கும், அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

சில டாக்டர்கள் "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க" என்று எழுதுவார்கள். ஃப்ளூஆக்ஸெட்டின் பல நாள் உடம்பில் தங்கும் மருந்து என்பதால் அதற்கு இது ஒத்துப்போகலாம். எஸ்ஸிட்டலோப்ராமும் செர்ட்ராலினும் ஏறத்தாழ ஒரு நாளிலேயே ரத்தத்தில் பாதியாகிவிடும். வென்லாஃபாக்ஸின் சில மணி நேரத்திலேயே பாதியாகும். ஒரு நாள் விட்டுவிட்டுப் போட்டால் மருந்தின் அளவு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். "தினமும் ஒரே அளவு, ஆனால் சின்ன அளவு, அப்படி எழுதித் தர முடியுமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். திரவமாக்கிச் சாப்பிடும் எண்ணத்தையும் அங்கேயே சொல்லுங்கள். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் சைக்கியாட்ரிஸ்ட்ஸ் 2020-இல் வெளியிட்ட குறிப்பிலேயே சின்ன அளவுகளுக்குத் திரவ மருந்து பேசப்படுகிறது, ஆகவே நீங்கள் ஒன்றும் விநோதமாகக் கேட்கவில்லை. சீட்டில் மி.கி., மி.லி. இரண்டையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். எங்களுக்கும் அது வசதி.

அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

குறைக்கத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் இதைத்தான் மிக முக்கியமாகச் சொல்வேன். இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, அது கலவை மாத்திரையா? எஸ்ஸிட்டலோப்ராமுடன் குளோனஸெபாம் என்ற பதற்றம் தணிக்கும் மருந்தைச் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்பது இங்கே சர்வசாதாரணம். பெயருக்குப் பின்னால் 'பிளஸ்', 'ஃபோர்ட்' என்று ஏதாவது இருக்கும். சாப்பிடுகிறவருக்கே தெரியாமல் வருடக்கணக்கில் இரண்டு மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். மாத்திரையைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து குறையும். குளோனஸெபாமைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அட்டையில் இரண்டு மருந்தின் பெயர் அச்சாகியிருந்தால், இரண்டையும் தனித்தனி மாத்திரையாக மாற்றி எழுதச் சொல்லி, எது முதலில் என்று டாக்டரை முடிவு செய்ய விடுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் குறைக்காதீர்கள்.

இன்னொன்று, பெயரோடு எக்ஸ்.ஆர்., எஸ்.ஆர்., சி.ஆர்., இ.ஆர். என்ற எழுத்துகள் இருக்கிறதா? அது மெல்ல மெல்லக் கரைவதற்காகவே செய்யப்பட்ட மாத்திரை. நொறுக்கித் தண்ணீரில் போட்டால் நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரேயடியாக வந்துவிடும். டுலாக்ஸெட்டின் காப்ஸ்யூலுக்குள் இருக்கும் குருணைகளும் அப்படித்தான், வயிற்று அமிலத்திலிருந்து காப்பதற்கு மேலே பூச்சு போட்டிருப்பார்கள். வென்லாஃபாக்ஸின், டெஸ்வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெட்டின் சாப்பிடுகிறவர்கள் கீழே நான் சொல்லும் தண்ணீர் முறையைத் தொடவே வேண்டாம். அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. சாதாரண மாத்திரைக்கு மாற்றுவது, காப்ஸ்யூல் குருணையை எண்ணிக் குறைப்பது, வேறு மருந்துக்குத் தாவுவது என்று டாக்டர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்.

ரெடிமேட் புட்டி கிடைத்தால்

கம்பெனியே தயாரித்த திரவ மருந்து கிடைத்தால் அதுதான் நல்லது. நம் ஊரில் எல்லா மருந்துக்கும் அது சுலபமாகக் கிடைப்பதில்லை, கடையில் ஆர்டர் போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஐ.டி. வேலை பார்க்கும் வீடுகளில் வெளிநாட்டிலிருந்து அண்ணனோ மச்சானோ புட்டி கொண்டு வருவதும் நடக்கிறது. எச்சரிக்கை அங்கேதான் தேவை. அமெரிக்காவில் விற்கும் எஸ்ஸிட்டலோப்ராம் திரவத்தில் 1 மி.லி.க்கு 1 மி.கி. ஐரோப்பாவில் விற்கும் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 20 மி.கி., ஒரு சொட்டே 1 மி.கி. இரண்டும் எஸ்ஸிட்டலோப்ராம்தான், வீரியத்தில் இருபது மடங்கு வித்தியாசம். அமெரிக்காவில் கிடைக்கும் செர்ட்ராலின் திரவமும் 1 மி.லி.க்கு 20 மி.கி. அதை அப்படியே குடிக்கக் கூடாது, தண்ணீரிலோ ஆரஞ்சு ஜூஸிலோ கலந்து உடனே குடிக்க வேண்டும், ஆல்கஹாலும் கொஞ்சம் இருக்கும். லேபிளில் 'ஒரு மி.லி.க்கு எத்தனை மி.கி.' என்ற வரியைக் கண்டுபிடித்து மருந்துக்கடைக்காரரிடமோ டாக்டரிடமோ காட்டாமல் முதல் அளவை எடுக்காதீர்கள்.

தண்ணீரில் கரைக்கும் முறை

புட்டி கிடைக்காவிட்டால் சாதாரண மாத்திரையைத் தண்ணீரில் கலக்கி அளந்து குடிக்கலாம். மாத்திரைக் கம்பெனி இதற்காகச் சோதித்துத் தந்த முறை அல்ல இது. டாக்டர் சம்மதித்த பிறகு, அவர் சொன்ன அளவில் மட்டும்.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். மூடி இறுக்கமாக இருக்கும் சின்னப் புட்டி ஒன்று, 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, 1 மி.லி. சிரிஞ்ச் ஒன்று. கூடவே ஊசி வந்தால் வாங்கும்போதே கடையில் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். இன்சுலின் சிரிஞ்ச் மெல்லிசாக, கையடக்கமாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். அதில் கோடுகள் மி.லி. கணக்கில் இல்லை, யூனிட் கணக்கில் இருக்கும். அதிலும் 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வகை. முதல் வகையில் 40 என்ற கோடுதான் 1 மி.லி. வீட்டு டீஸ்பூனை அளவுக்கு நம்பவே கூடாது.

கணக்கை எப்போதும் 1 மி.லி.க்கு 1 மி.கி. என்று வைத்துக்கொள்வதையே நான் எல்லோருக்கும் சொல்வேன். 10 மி.கி. மாத்திரைக்கு 10 மி.லி. தண்ணீர், 5 மி.கி. மாத்திரைக்கு 5 மி.லி. அப்போது சீட்டில் 4.3 மி.கி. என்றிருந்தால் சிரிஞ்சிலும் 4.3-தான். தூக்கக் கலக்கத்தில் பெருக்கல், வகுத்தல் வேண்டாம். செர்ட்ராலின் 50 மி.கி. மாத்திரைக்கு 50 மி.லி. தண்ணீர், கொஞ்சம் அதிகமாகக் குடிக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. அது கசக்கும், நாக்கு லேசாக மரத்துப்போகும். பயந்துவிடாதீர்கள், உடனே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்.

மாத்திரையைப் புட்டியில் போட்டு, கேன் தண்ணீரை சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். ஐந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் மாத்திரை தானாக உதிரும். அப்புறம் மூடியைப் போட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். மேலே பூச்சின் செதில்கள் ஒன்றிரண்டு மிதக்கும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். வெள்ளையாக, கலங்கலாக இருக்கும் இது முழுதாகக் கரைந்த கரைசல் இல்லை. மருந்தின் துகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது, வைத்த மோர் மாதிரி அடியில் தங்கும். குலுக்கிய கையோடு சிரிஞ்சைப் புட்டியின் நடுவாக்கில் இறக்கி இழுக்க வேண்டும். போன் அடித்தது, எடுத்துப் பேசிவிட்டு வந்தேன் என்றால் மறுபடி குலுக்குங்கள். மேல்தண்ணீரை இழுத்தால் மருந்து குறையும், அடியை இழுத்தால் கூடும்.

இழுக்கும்போது காற்றுக் குமிழி வந்தால் சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்துத் தட்டி, குமிழியைத் தள்ளிவிட்டு மறுபடி இழுங்கள். உள்ளே இருக்கும் கறுப்பு ரப்பரின், சிரிஞ்ச் நுனிப் பக்கத்து விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. வாய்க்குள் விட்டபின் இன்னும் கொஞ்சம் வெறும் தண்ணீர் இழுத்துச் சிரிஞ்சை அலசி அதையும் குடித்துவிடுங்கள், ஒட்டியிருக்கும் துகளும் வந்துவிடும். புட்டியில் மீதமுள்ளதைக் கொட்டிவிட வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்து நாளைக்கு என்று சேமிக்காதீர்கள், தண்ணீரில் நின்ற மருந்து எத்தனை நாள் அப்படியே இருக்கும் என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தரவில்லை. மாத்திரை வீணாகிறதே என்று மனசு கேட்காதுதான்.

பி.ஜி.யில் நாலு பேர் ஒரு சமையலறையைப் பயன்படுத்தும் இடம் என்றால் புட்டியில் உங்கள் பெயரும் 'மருந்து' என்ற சொல்லும் ஒட்டி வையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் உயரத்தில், பூட்டி.

எவ்வளவு, எத்தனை நாளுக்கு

வெளிநாட்டில் பரவலாகப் பேசப்படும் ஒரு கணக்கு: இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அப்போது சாப்பிடும் அளவில் 10 சதவீதம் குறைப்பது. ஆரம்ப அளவில் 10 சதவீதம் இல்லை, இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 10 மி.கி.யில் தொடங்கினால் 9, 8.1, 7.3, 6.6, 5.9, 5.3, 4.8, 4.3 என்று போகும். ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சின்னது. இப்படி 10-லிருந்து 1-க்கு வர 22 படிகள், இரண்டு வாரத்துக்கு ஒரு படி என்றாலே பத்து மாதம்.

எல்லோரும் இவ்வளவு மெதுவாகப் போகத் தேவையில்லை. என் பார்வையில் நடைமுறைக்கு ஒத்துவருவது, மேல் பாதியை மாத்திரையிலேயே முடிப்பது. 10, 7.5, 5 என்று வெட்டி இறங்கிவிட்டு, 5-க்குக் கீழே திரவத்துக்கு மாறுங்கள். நேரமும் மிச்சம், குலுக்கும் வேலையும் மிச்சம். அங்கேயும் முதல் படியைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டு, மூன்று நான்கு வாரம் பார்த்து, உடம்பு எப்படிச் சொல்கிறதோ அதற்கேற்ப டாக்டர் அடுத்த படியைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். 1 மி.கி.க்கு வந்ததும் "இதென்ன தூசி" என்று விட்டுவிடாதீர்கள். 0.8, 0.6, 0.4 என்று 1 மி.லி. சிரிஞ்சில் இறங்குவதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

ஒரு நோட்டில் தேதி, மி.கி., தூக்கம், தலைசுற்றல், மனநிலை என்று ஒரு வரி எழுதினால் போதும். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும், அந்த வரிகள்தான் பேசும்.

அளவைக் குறைக்கும் நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு விவரம் இருக்கிறது. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ராத்திரி பஸ் ஏறும் வாரத்தில் குறைக்காதீர்கள். தூக்கம் கெடும், ஒரு வேளை தவறும், வந்த தலைசுற்றல் எதனால் என்றே தெரியாது. ஊருக்குப் போகும்போது கலக்கிய புட்டியை எடுத்துப் போகாமல் மாத்திரை அட்டை, வெறும் புட்டி, சிரிஞ்ச், சீட்டு என்று எடுத்துப் போங்கள். குறைத்த முதல் சில நாள் இங்கே பைக்கும் வேண்டாம். சில்க் போர்டு சிக்னலில் தலைக்குள் வெட்டு வந்தால் வம்பு. மெட்ரோ பாதைப் பக்கம் இருப்பவர்கள் அதில் போங்கள், மற்றவர்கள் பி.எம்.டி.சி. பஸ் பிடியுங்கள்.

தடுமாறினால்

குறைத்த சில நாளில் தொடங்கி, தலைசுற்றல், ஷாக், குமட்டல் என்று உடம்பிலும் தெரிந்தால் அது பெரும்பாலும் மருந்து விலகுவதன் அறிகுறி. பழைய அளவுக்குத் திரும்பினால் சில நாளில் அடங்கிவிடும். பழைய நோய் திரும்புவது வேறு மாதிரி. வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்ல வரும், முன்பு இருந்த அதே சோர்வு, அதே நினைப்பு, ஷாக் கிஷாக் எதுவும் இருக்காது. ஃப்ளூஆக்ஸெட்டினில் மட்டும் இந்தக் கணக்கு குழம்பும், அது மெதுவாக வெளியேறுவதால் விலகல் அறிகுறியே சில வாரம் கழித்து வரலாம். எது என்று நீங்களே தீர்ப்பு எழுதாமல் நோட்டோடு டாக்டரிடம் போங்கள். பல வீடுகளில் "பார்த்தியா, மாத்திரைக்கு அடிமையாயிட்டே" என்று ஆரம்பிப்பார்கள். மருந்துக்கு ஏங்குவதும், மருந்துக்குப் பழகிய நரம்பு அது குறையும்போது முரண்டு பிடிப்பதும் வேறு வேறு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், வாதாட வேண்டாம்.

லேசான தொந்தரவு என்றால் அடுத்த படியைத் தள்ளிப்போட்டு அதே அளவில் நில்லுங்கள். தூக்கமே இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் கடைசியாகச் சரியாக இருந்த அளவுக்குத் திரும்புவது பற்றி டாக்டரிடம் அன்றே பேசுங்கள். திரும்பிப் போவதால் செய்ததெல்லாம் வீணாகாது. அடுத்த தடவை படியை இன்னும் சின்னதாக்கினால் சரி.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, நிலைகொள்ளாத பதற்றம் வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். நிம்ஹான்ஸில் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி எண் 14416, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். கூட இருப்பவர் யாரிடமாவது இந்த எண்ணைச் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் நீங்களே டயல் செய்யும் நிலையில் இல்லாமல் போகலாம்.

பூஜ்யம் வந்த பிறகு

சிரிஞ்சைக் கழுவி வைத்த அன்றோடு டாக்டரை மறந்துவிடாதீர்கள். ஒரு மாதத்தில் ஒரு முறை, மூன்று மாதத்தில் ஒரு முறை என்று தேதி வாங்கி வையுங்கள். மீதமான அட்டையைப் பக்கத்து அறைத் தம்பி "எனக்கும் மனசு சரியில்லண்ணே" என்றால் கொடுத்துவிடாதீர்கள், அவரை டாக்டரிடம் அனுப்புங்கள். அதே சமயம் அன்றைக்கே குப்பையில் போட்டுவிடவும் வேண்டாம். மூன்று மாதச் சந்திப்பு முடிந்து டாக்டர் சொன்ன பிறகு, கடைசித் தேதியைப் பார்த்துவிட்டுக் கழித்துக்கொள்ளலாம்.